ஐந்தாவது விருப்பம்

எங்கள் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் வேலை போய்விடும். வேலை போனால் அம்மா என்னைச் சந்தாபுராவில் பார்த்துவைத்திருக்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்துவிடுவாள். ஹோசூர் ரோட்டில் ஏழு மாடி, கீழே ஒரு காபிக் கடை, வாசலில் நோயாளிகளைவிட அதிகமாக செக்யூரிட்டிகள். இந்த அளவுக்குத் தெரிந்தால் போதும்.

வருடா வருடம் ஜூன் மாதம் நர்ஸ்களுக்கு ஒரு படிவம் வரும். எந்தத் துறையில் வேலை பார்க்க இஷ்டம் என்று ஐந்து கட்டங்கள். முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம் என்று வரிசையாக ஐந்துவரை எழுத வேண்டும். தலைப்பில் ‘உங்கள் விருப்பமே எங்கள் விருப்பம்’ என்று அச்சடித்திருக்கும். அதைப் படித்துச் சிரிக்காமல் அந்தப் படிவத்தை வாங்கிய நர்ஸை நான் பார்த்ததில்லை.

இதை எப்படி நிரப்புவது என்று நர்ஸிங் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை. அதற்கு எங்களுக்கு பிரிஜெட் சிஸ்டர் இருந்தார். எலும்பு வார்டில் பதினெட்டு வருடமாக இருப்பவர். நான் சேர்ந்த முதல் வாரமே, கேன்டீனில் என் தட்டிலிருந்து ஒரு வடையை உரிமையோடு எடுத்துக்கொண்டு, பாடத்தை ஆரம்பித்தார்.

“பேர் இன்னா? பார்கவியா? கேட்டுக்கோ. எது வோணாமோ அத மொதல்ல எழுது. எது வேணுமோ அத அஞ்சாவதா எழுது. மேடம் மொதல் கட்டத்துல இருக்கறத மட்டும் குடுக்கமாட்டாங்க.”

மேடம் என்றால் நர்ஸிங் சூப்பரின்டெண்ட் ஜெயலட்சுமி மேடம். ‘கேட்ட இடத்தைக் கொடுத்தால் பெண்கள் சோம்பேறியாகிவிடுவார்கள்’ என்று அவர் ஒரு மீட்டிங்கில் சொன்னாராம். அந்த மீட்டிங்கில் இருந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. ஆனால் பிரிஜெட் சிஸ்டர் தன் முதல் வருடத்தில் ஆபரேஷன் தியேட்டர் வேண்டும் என்று வெள்ளந்தியாக எழுதி, எலும்பு வார்டில் போய் விழுந்தது உண்மை. அன்றிலிருந்து ஆஸ்பத்திரியே தலைகீழாக எழுதத் தொடங்கியது. முறை பலித்தும் வந்தது. போன வருடம் நான் டயாலிசிஸை ஐந்தாவதாக எழுதினேன், டயாலிசிஸ்தான் கிடைத்தது. பிறகு யார் சொன்னாலும் நான் ஏன் மாற்றி எழுதப்போகிறேன்?

எனக்கு டயாலிசிஸ் ஏன் பிடிக்கும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எந்தப் படிவத்திலும் நான் அதைச் சொன்னதில்லை. மற்ற வார்டுகளில் மனிதர்கள் வருவார்கள், போய்விடுவார்கள். என்ன ஆனார்கள் என்று நமக்குத் தெரியாது. டயாலிசிஸில் அதே ஆள் வாரத்துக்கு மூன்று நாள், நான்கு மணி நேரம், அதே நாற்காலி. சிறுநீரகம் செய்யவேண்டிய வேலையை மெஷின் செய்துகொண்டிருக்கும்போது அவர் பேசுவார், சண்டைபோடுவார், தூங்குவார். எனக்குத் திரும்பி வருகிறவர்களைப் பிடிக்கும். அவ்வளவுதான் காரணம்.

அதிலும் சுந்தரம் சார். அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருந்தவர், என் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. அவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு சொல்லியிருக்கிறார். “நேத்து ஒரு டம்ளர்தாம்மா குடிச்சேன், சத்தியமா” என்றபடி வருவார். எடை மெஷினில் ஏற்றினால் மூன்றரைக் கிலோ கூடியிருக்கும். “அந்த டம்ளர் எம்மாம் பெருசு சார்?” என்று கேட்பேன். ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த இடத்தைத் தொட்டால் தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவது விர்ரென்று விரலுக்குத் தெரியும். அது தெரிந்தால், குழாய் அடைபடவில்லை என்று அன்றைக்கு எனக்கு நிம்மதி. வாரம் மூன்று நாள் அந்த நிம்மதிக்காகத்தான் வேலைக்குப் போனேன் என்றால் நம்புவீர்களா, தெரியாது.

வீட்டில் யாருக்கும் இது புரியவில்லை. அம்மா லட்சுமம்மாவுக்கு நான் பிரசவ வார்டில் இருக்க வேண்டும். “நாலு பேரு ஸ்வீட் குடுப்பாங்க. போற எடத்துலயும் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூஞ்சி சுளிக்கமாட்டாங்க. கிட்னின்னா யாரு பொண்ணு கேட்டு வருவான்?” அப்பாவுக்கு முழங்கால் வலி, அதனால் எலும்பு வார்டு. தம்பி விக்கிக்கு ஜெர்மனி. ஐ.சி.யூ. அனுபவம் இருந்தால் ஜெர்மனிக்காரன் விமானத்தை வாசலுக்கே அனுப்புவான் என்று யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். ஆளாளுக்குத் தன் உடம்பையும் தன் கனவையும் வைத்து எனக்கு ஒரு துறையை ஒதுக்கியிருந்தார்கள்.

இந்த வருடம் படிவத்தோடு முகேஷ் சாரும் வந்தார். ஏதோ சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து எங்கள் எச்.ஆர். தலைவராக வந்தவர். எங்களை ஐந்தாவது மாடி ஹாலில் உட்காரவைத்து, “உங்களில் எத்தனை பேர் உங்கள் இதயத்திடம் பேசியிருக்கிறீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். இதய வார்டிலிருந்து வந்த இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

படிவம் இப்போது போனில் வந்தது. ஐந்து கட்டங்கள் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் முப்பது கேள்விகள். ‘நீங்கள் ஒரு பழமாக இருந்தால் எந்தப் பழம்?’ ‘நோயாளியின் உறவினர் கத்தும்போது நீங்கள் உணர்வது: அன்பா, ஆர்வமா, வாய்ப்பா?’ லீவில் இருந்த பிரிஜெட் சிஸ்டர் முதல் கேள்விக்குப் பலாப்பழம் என்று போட்டதாகப் போனில் சொன்னார். இரண்டாவதற்கு, பசி என்றொரு கட்டம் இல்லையே என்று குறைப்பட்டார். கடைசியில், முதல் விருப்பத்தை ஏன் நேசிக்கிறீர்கள் என்று நூறு வார்த்தைகளில் எழுத வேண்டும். இனி தேர்ந்தெடுக்கும் துறையில் மூன்று வருடம், நடுவில் மாற்றம் கிடையாது என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது. அதைப் படித்ததும் இடங்களை எண்ணிப் பார்த்தேன். டயாலிசிஸில் மொத்தம் நான்கு இடம். மூன்றில், டயாலிசிஸுக்கென்றே எடுத்த, படிவம் எழுத வேண்டாத சீனியர்கள் அசையாமல் இருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றில் நான் இருந்தேன்.

அந்த ஒன்றின் மேல் மமதாவுக்கும் கண். ஆனேக்கல்லிலிருந்து தினமும் பஸ் பிடித்து வருகிற பெண். ஆறு வாரம் என்னிடம்தான் டயாலிசிஸ் பழகினாள். கை சுத்தம், பயம் கிடையாது, ஒரு தடவை காட்டினால் மறக்கமாட்டாள். இதெல்லாம் எனக்கு அப்போது நல்ல செய்தியாகப் படவில்லை.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் போனை நீட்டிக்கொண்டு வந்தாள். “அக்கா, சும்னே கேக்கறேன், இத எப்படி எழுதறது? எனக்கு டயாலிசிஸ்தான் இஷ்டம். மொதல் கட்டத்துல போட்டா ஆயிடுமா? எல்லாரும் ஏதோ வேற மாதிரி எழுதறாங்க, கேட்டா சொல்லமாட்றாங்க.”

பிரிஜெட் சிஸ்டர் அந்த மாதம் லீவில் இருந்ததால் இவளுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை. நான் எடுத்திருக்கலாம். என் லாக்கர் சாவியைத் திருப்பியபடியே சொன்னேன்.

“யாரு பேச்சையும் கேக்காத மமதா. மனசுல இருக்கறத அப்படியே எழுது. மொதல் கட்டத்துலயே எழுது. ஏன் பிடிக்கும்னு கேட்டா அதயும் உண்மையா எழுது.”

அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல யோசனையைத் தனக்கு யாரும் சொன்னதில்லை என்றாள். அவள் தலையில் மண்ணைப் போட்டுவிட்ட திருப்தியில் நான் வீட்டுக்குப் போனேன். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று வழியெல்லாம் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

என் படிவத்தை மிகுந்த கவனத்தோடு நிரப்பினேன். உலகத்திலேயே எனக்குப் பிடிக்காத இடம் கேஷுவாலிட்டி. அடிபட்டு வருகிறவர்களை அள்ளிப்போடும் அவசரச் சிகிச்சைப் பிரிவு. அதை முதல் கட்டத்தில் போட்டேன். டயாலிசிஸை ஐந்தில் போட்டேன். நூறு வார்த்தைக் கட்டுரையில் என் பொய்களையெல்லாம் கொட்டினேன். ‘ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் என் இதயம் துள்ளுகிறது’ என்று ஒரு வரி. எழுதி முடித்ததும் எனக்கே அதன் மேல் ஒரு மரியாதை வந்தது.

அந்த வருடம், ஆஸ்பத்திரியின் சரித்திரத்திலேயே முதல் முறையாக, நாங்கள் கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த முறை பட்டியல் மேடத்தின் மேஜைக்கே போகவில்லை. கம்ப்யூட்டர் முதல் கட்டத்தைப் பார்த்தது, இடம் இருந்ததா என்று பார்த்தது, போட்டுவிட்டது. ‘வாழ்த்துகள்! நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்கு முதல் விருப்பமே கிடைத்திருக்கிறது’ என்று முகேஷ் சார் வாட்ஸப்பில் அனுப்பினார், கூடவே பலூன் படம். மறுநாள் காலை விரும்பியது கிடைத்த பெண்கள் மாடிக்கு மாடி அழுதுகொண்டிருந்தார்கள். லீவிலிருந்தபடியே நிரப்பிய பிரிஜெட் சிஸ்டர், பழகிப்போன எலும்பு வார்டை ஐந்தில் போட்டு, பச்சிளங்குழந்தைகளின் ஐ.சி.யூ.வை முதலில் எழுதியிருந்தார். பதினெட்டு வருடம் லாரி டிரைவர்களின் தொடை எலும்பைத் தூக்கிப் பிடித்த கை, லீவு முடிந்து வந்ததும் ஒண்ணே கால் கிலோ குழந்தையை எங்கே பிடிப்பது என்று தேடியது. ரத்தம் கண்டால் தலை சுற்றும் ஒரு பெண்ணுக்கு ஆபரேஷன் தியேட்டர்.

முகேஷ் சார் இதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து வீடியோ எடுத்தார்.

புகார் கொடுக்கவும் வழியில்லை. கொடுத்தால், எழுதி அனுப்பிய நூறு வார்த்தையும் பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். “எல்லாரும் சேந்து போலாமா?” என்று பிரிஜெட் சிஸ்டரைக் கேட்டேன். “போய் இன்னான்னு சொல்லுவ? இஷ்டப்பட்டது கெடச்சுட்ச்சு, அதனால அழுவறோம்னா?” என்றார்.

டயாலிசிஸுக்கு வேறு யாரும் முதல் கட்டத்தில் எழுதவில்லை. மமதாவுக்குக் கிடைத்துவிட்டது.

அவள் ஆனேக்கல்லிலிருந்து ஒரு டப்பா நிறைய ஒப்பட்டு, அதாவது போளி, கொண்டுவந்தாள். கேன்டீனில் எல்லோர் முன்னாலும் என் வாயில் ஒன்றை ஊட்டினாள். “பார்கவி அக்காதான் சொன்னாங்க, மனசுல இருக்கறத அப்படியே எழுதுன்னு. அவங்க சொல்லலேன்னா நானும் எல்லாரு மாதிரி ஏதாவது எழுதிட்டிருப்பேன்.”

மேஜைக்கு மேஜை தலைகள் திரும்பின. மமதாவைத் தவிர அங்கிருந்த ஒவ்வொருத்திக்கும் நான் அவளுக்கு என்ன செய்யப் பார்த்தேன் என்று புரிந்துவிட்டது. பிரிஜெட் சிஸ்டர் தன் டம்ளரை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனார். வாயில் இருந்த ஒப்பட்டை முழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். வெட்கம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கேஷுவாலிட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சில்க் போர்டு சிக்னலில் பைக்கிலிருந்து விழுந்தவர்கள் வருவார்கள். துடைத்து, தைத்து, ஊசி போட்டு மேலே அனுப்புவோம். பேர் மனதில் பதிவதற்குள் ஆள் போய்விடுவார். பிழைத்தாரா என்று மாடிக்குப் போன் செய்து கேட்டால், “எந்த பேஷன்ட்?” என்பார்கள். பதில் சொல்வதற்குள் அடுத்த ஆம்புலன்ஸ். என் இதயம் துள்ளத்தான் செய்தது. நான் எழுதிய காரணத்தால் அல்ல.

போதாதற்கு முகேஷ் சார் என் கட்டுரையில் மனம் உருகி, என் போட்டோவோடு ஆள் உயரத்துக்கு ஒரு பேனர் அடித்து லிஃப்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டார். ‘இதயத்தைக் கேட்டாள் பார்கவி’ என்று பெரிய எழுத்து. கீழே ஆம்புலன்ஸ் வரி. லிஃப்டுக்குக் காத்திருக்கும் எல்லோரும் என்னையும் பேனரையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை காலை அந்த பேனருக்கு முன்னால் சுந்தரம் சார் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்குப் போகக் காத்திருந்தார். நான் ஓடிப்போய், “எப்படி இருக்கீங்க சார்?” என்றேன்.

அவர் பேனரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “ஆம்புலன்ஸ் சத்தம்னா ஒனக்கு அவ்ளோ இஷ்டமாம்மா? ஒரு வருசம் எங்கூட ஒக்காந்திருந்தியே, சொல்லவே இல்லியே. போரடிச்சிருக்கும். கெழவன் கதையெல்லாம் எவ்ளோதான் கேப்ப?”

“அப்படியெல்லாம் இல்ல சார்” என்றேன். என்ன இல்லை என்று அவருக்கு விளக்க, படிவம், கட்டம், பிரிஜெட் சிஸ்டர், பதினெட்டு வருடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். லிஃப்ட் வந்துவிட்டது. பழக்க தோஷத்தில் அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். விர்ரென்று ஓடியது. ஊசி போட்ட இடம் சுத்தமாக இருந்தது, வீக்கமோ கன்றிப்போன தடமோ ஒன்றும் இல்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். ஊருக்கே எழுதிய பொய்யை அவரும் நம்பிவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஜெயலட்சுமி மேடம் கூப்பிட்டனுப்பினார். அவர் அறைக்கு நான் தனியாகப் போனது அதுவே முதல் தடவை. மேஜையில் இரண்டு காகிதங்கள் இருந்தன.

“ஒக்காரு. இத நான் முந்தியே சொல்லியிருக்கணும். பதினேழு வருஷமா நீங்க எல்லாரும் தலைகீழா எழுதறது எனக்குத் தெரியும். மொத வருஷம் எழுதினபடியே குடுத்தேன், நாலு பேரு பாத்ரூம்ல போய் அழுதாங்க. அதுக்கப்புறம் அஞ்சாவது கட்டத்தத்தான் பாப்பேன்.”

“அப்ப பிரிஜெட் சிஸ்டருக்கு, மேடம்? அவங்க நேராத்தானே எழுதினாங்க?”

“அன்னிக்கு தியேட்டர்ல எடம் இல்ல. அவ்ளோதான். என்னன்னு வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாருமே கேக்கல.”

பதினேழு வருடம் ஒரு ஆஸ்பத்திரி இப்படி நடந்திருக்கிறது. எங்களுக்கு அவர் பயம், அவருக்கு எங்கள் கண்ணீர் பயம். ‘இடம் இல்லை’ என்ற இரண்டு வார்த்தையைச் சொல்லாமலும் கேட்காமலும் அறுபது நர்ஸ்கள் வருடா வருடம் பொய் எழுத, அவர் உட்கார்ந்து அதைத் திருப்பிப் படித்திருக்கிறார். சிரிக்கலாமா என்று பார்த்தேன், சிரிப்பு வரவில்லை.

மேடம் ஒரு காகிதத்தை என் பக்கம் தள்ளினார். “இது சுந்தரம் சார் எழுதின புகார். புதுப் பொண்ணு ஊசி போட்டா கை வீங்கிப்போவுது, பழைய சிஸ்டரயே போடுங்கன்னு. இது ரெண்டாவது தடவ. மமதாவ இந்த வாரம் கன்ஃபர்ம் பண்ணணும். கன்ஃபர்ம் ஆகாம ஒரு எடம் காலியானா அத நான் நெரப்பலாம், அந்த கம்ப்யூட்டர் இல்ல. ஒன்ன போடறதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. அவளுக்கு வேல கத்துக்குடுத்தது நீதான். சொல்லு, எப்படி?”

நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சும்மா குனிந்து உட்கார்ந்திருந்தாலே போதும். திங்கட்கிழமை காலை சுந்தரம் சாரை எடை மெஷினில் ஏற்றலாம். மமதாவை வேறு எங்காவது போடுவார்கள், அவளும் அக்கா மேல் சந்தேகப்படமாட்டாள். அந்தக் கையை புதன்கிழமை நானே தொட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால், உண்மையாகவே சொல்கிறேன், வாயைத் திறந்திருக்கமாட்டேன்.

“நல்லா பண்றா மேடம்” என்றேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “புரியுது. நேரா சொல்ல ஒனக்குச் சங்கடமா இருக்கு. மாத்திடறேன்.”

“இல்ல மேடம். நல்லாத்தான் பண்றா.”

“பார்கவி, கேஷுவாலிட்டிய உயிருன்னு எழுதின பொண்ணு நீ. ஒங்க பாஷை எனக்குத் தெரியாதா?” என்று பேனாவைத் திறந்தார்.

எழுந்து நின்றேன். காகிதத்தின் மேல் கையை வைத்துவிட்டேன். சூப்பரின்டெண்ட் மேஜையில் ஒரு நர்ஸ் செய்கிற காரியம் இல்லை அது. “மேடம், நேராத்தான் சொல்றேன். புதன்கிழம நானே அவர் கையப் பாத்தேன். வீக்கமே இல்ல. என்னைத் திரும்ப வரவழைக்கத்தான் அவர் இப்படி எழுதறார். மமதா ஊசி என் ஊசியவிட நல்லா இருக்கு. அவ அங்கதான் இருக்கணும்.”

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். நேராகப் பேசுகிற நர்ஸைப் படித்து அவருக்குப் பழக்கம் இல்லை. பிறகு இரண்டாவது காகிதத்தை எடுத்து, மமதாவின் பெயருக்கு எதிரே டிக் அடித்தார். பயிற்சி கொடுத்தவர் கையெழுத்து என்ற இடத்தைக் காட்டினார். போட்டேன். கண்ணீர் ஒரு சொட்டு அதன் பக்கத்தில் விழுந்தது, அவர் பார்க்காத மாதிரி ப்ளாட்டிங் பேப்பரால் ஒற்றினார்.

“சரி, இப்ப நீ சொல்லு. ஒனக்கு என்னதான் வேணும்?”

“டயாலிசிஸ், மேடம்.”

அவர் பேனாவை மூடினார். “அது இப்பத்தாம்மா நெரம்பிச்சு. நீயே கையெழுத்துப் போட்டே.”

“தெரியும் மேடம். ஒரு தடவ நேரா கேட்டுப் பாக்கணும்னு தோணிச்சு.”